கூட்டுக் கணக்குக்கு மூன்று நடை

வீட்டுச் செலவுக்கு ஒரு கூட்டுக் கணக்கு, சம்பளக் கணக்குகள் அவரவரிடமே. சம்பளம் சமமில்லை என்பதால் பாதிப்பாதி வேண்டாம், சம்பள விகிதத்தில் போடலாம். கணவருக்கும் எனக்குமான நான்கு வருடச் சண்டை பத்து நிமிடத்தில் தீர்ந்தது. வங்கியில்தான் ஆறு வாரம் ஆனது.

முதல் நடை என் இனிஷியலால் வீண். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவரின் முதலெழுத்துக்கு மாறியிருந்தேன். பான் கார்டில் இன்னும் அப்பாவின் முழுப்பெயர், என் பெயருக்குப் பின்னால். கவுன்டரில் இருந்தவர் இரண்டு நகலையும் ஒட்டி வைத்து, அந்த ஒற்றை எழுத்தின் மேல் பென்சிலால் வட்டம் போட்டார். "ரெண்டும் ஒரே ஆள்னு எப்படி மேடம் தெரியும்?" இரண்டிலும் என் மூஞ்சிதான் இருந்தது. இருவருக்கும் அரை நாள் லீவு போனது. பெயரை மாற்றினால் எல்லாவற்றிலும் மாற்றுங்கள், இல்லையென்றால் எதிலும் கை வைக்காதீர்கள். நான் பான் கார்டைத் திருத்தி வாங்கினேன்.

இரண்டாவது நடையில் கணக்கு திறந்தாயிற்று. "இன்டூ போட்ட இடத்துல எல்லாம் கையெழுத்து போடுங்க" என்றார், போட்டோம். படிக்காமல் போட்டதுதான் தப்பு. செயலியில் இருப்பு தெரிந்தது, பணம் அனுப்ப வழியில்லை. படிவ நகலை எடுத்துப் பார்த்தால், கணக்கை இயக்கும் முறையில் 'ஜாயின்ட்லி' என்று டிக். அதாவது ஒவ்வொரு செக்கிலும் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். நாங்கள் கேட்டது 'எய்தர் ஆர் சர்வைவர்': யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒருவர் காலமானால் மற்றவருக்கு வந்துவிடும். இருவரும் போனோம், நான் கேட்டேன். "நீங்கதானே சார் கையெழுத்து போட்டீங்க?" கேட்டது நான், பதில் கணவருக்கு! மாற்றவும் இருவர் கையெழுத்து வேண்டும். அது மூன்றாவது நடை.

அந்த நடையில் உருப்படியாக இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, முதல் பெயர் என்னுடையது என்பதால் வட்டி என் பான் எண்ணில்தான் பதிவாகும் என்று தெரிந்துகொண்டேன். வரிக் கணக்கு போடும்போது மறக்கக் கூடாது. இன்னொன்று நாமினி. "நீதான் இருக்கியே, எதுக்கு?" என்றார் கணவர். இரண்டு பேருமே இல்லாமல் போனால்தாங்க நாமினிக்கு வேலை என்றேன். அப்புறம் சந்தேகம் வந்து அவருடைய சம்பளக் கணக்கைப் பார்க்கச் சொன்னேன். அதில் நாமினி இடம் காலி. அதையும் அன்றே நிரப்பினோம்.

இப்போது வாடகை, கரன்ட் பில் எல்லாம் தகராறில்லாமல் போகிறது. மெசேஜ் இரண்டு போனுக்கும் வரட்டும் என்று எழுதிக் கொடுத்தது மட்டும்தான் இடிக்கிறது. நேற்று பில் போட்டு நகர்வதற்குள் அவரிடமிருந்து போன்: "இப்ப காசு போச்சே, என்ன வாங்கின?"