பனி அரைத்த மண்ணும் பத்து சதவீதமும்

நிலவியலாளர் சுரங்க கம்பெனி இயக்குநரானால் முதலில் கரைவது அவருடைய பங்குதான். ஒவ்வொரு சுற்றுத் துளையிடலுக்கும் புதுப் பங்கு விற்றாக வேண்டும். கடைசியில் கனிமம் கிடைக்கும்போது கண்டுபிடித்தவரிடம் மிஞ்சுவது சொற்பம். கனடாவில் வைரம் தேடிய நிலவியலாளர் சார்ல்ஸ் ஃபிப்கே இதில் தப்பியவர். அதற்கு அவருடைய சல்லடைதான் காரணம் என்பேன்.

வைரத்தை நேரடியாகத் தேடினால் கிடைக்காது. அதைச் சுமந்துவரும் கிம்பர்லைட் பாறையின் துணைக் கனிமங்களைத் தேட வேண்டும். பனியாறு அரைத்துத் தள்ளிய மண்ணைச் சலித்து, அடர்த்தி மிகுந்த திரவத்தில் மூழ்குவதை மட்டும் எடுத்து, மணி மணியாக நுண்ணோக்கியில் பொறுக்குவார்கள். அந்தத் துணைக் கனிமங்களில் ஒன்றான சிவப்பு கார்னெட் கிடைத்ததும் குதிக்கக் கூடாது. பெரும்பாலான கிம்பர்லைட்டில் வைரமே இருக்காது. குரோமியம் மிகுந்து கால்சியம் குறைந்த கார்னெட்தான், தென்னாப்பிரிக்க ஆய்வாளர் ஜான் கர்னி காட்டியபடி, வைரம் உருவான ஆழத்திலிருந்து வந்தது. அதை வேதிச் சோதனைதான் சொல்லும். கனடாவின் கெலோனா நகரில் ஃபிப்கே நடத்திய ஆய்வகத்தின் தொழிலே இதுதான்.

அடுத்தது திசை. பனி மேற்கே தள்ளிய கனிமத் தடத்தை, ஃபிப்கேயும் அவருடைய கூட்டாளியான நிலவியலாளர் ஸ்டூவர்ட் பிளசனும் எதிர்த்திசையில் கிழக்கே, வடகனடாவின் லாக் டி க்ரா ஏரிவரை பின்தொடர்ந்தார்கள். இங்கே சறுக்குவது சுலபம்: பனி உருகிய ஆறு விட்டுப்போன மணல்மேட்டில் கனிமம் சேர்ந்து கிடக்கும், அள்ளுவதும் எளிது, ஆனால் அது காட்டுவது ஆற்றின் போக்கை, பனியின் போக்கை அல்ல. இன்னொரு துணைக் கனிமமான பச்சை நிறக் குரோம் டையாப்சைடு வேறு ரகம். சீக்கிரம் நொறுங்கும். அது முழுசாகக் கிடைத்தால் மூலம் பக்கத்தில்தான். கிம்பர்லைட் சுற்றியுள்ள கருங்கல்லைவிட மென்மையானது என்பதால் பள்ளமாகி, பெரும்பாலும் ஏரிக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

இவ்வளவும் கையில் இருந்ததால்தான் 1990-இல் பி.எச்.பி. என்ற பெரிய சுரங்க நிறுவனத்துடன் பேரம் பேச முடிந்தது. செலவை அந்த நிறுவனம் ஏற்றுக்கொண்டு 51 சதவீதம் பெறும். ஃபிப்கேயின் டியா மெட் கம்பெனிக்கு 29. ஃபிப்கேக்கும் பிளசனுக்கும் தனித்தனியே பத்துப் பத்து. கம்பெனிப் பங்கை விட்டுத் தனியாக ஒதுக்கிய அந்தப் பத்துதான் சாமர்த்தியம். டியா மெட் எத்தனை புதுப் பங்கு விற்றாலும் அது கரையாது.

1991 நவம்பரில், லாக் டி க்ரா பகுதியின் பாயின்ட் லேக் ஏரிக்கு அடியிலிருந்து எடுத்த 59 கிலோ பாறையில் 81 சிறு வைரங்கள் கிடைத்ததாக அறிவித்தார்கள். ஆனால் அந்தப் பகுதியில் எகாட்டி சுரங்கம் 1998-இல் தொடங்கியபோது முதலில் தோண்டியது வேறொன்றை: பாண்டா என்ற கிம்பர்லைட் குழாயை (பூமிக்குள் செங்குத்தாக இறங்கும் பாறைத் திரளை). டன்னுக்கு எத்தனை காரட், காரட்டுக்கு என்ன விலை என்பதைப் பல டன் பாறையைப் பெருமாதிரியாக எடுத்துப் பார்க்காமல் எந்தக் குழாய் தேறும் என்று சொல்ல முடியாது.

2001-இல் டியா மெட்டை பி.எச்.பி. வாங்கிக்கொண்டது. ஃபிப்கேயின் சொந்தப் பத்து சதவீதம் அப்போதும் அவரிடமே இருந்தது.