கண் என்றால் கண்ணு

கோவைப் பகுதியில் உள்ள ஒரு கல்லூரியில், கேட்பியல் மற்றும் பேச்சு மொழி நோயியல் படிக்கும் முதுகலை மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக மேற்பார்வையாளராக இருக்கிறேன். புதிய மாணவர்கள் சேரும்போது அவர்களுக்கான உதவிகள் பற்றிய ஒரு தாளைக் கொடுப்பது எங்கள் வழக்கம். நூலக நேரம், படிக்கக் கிடைக்கும் ஆய்விதழ்கள், புள்ளியியல் ஆசிரியரைச் சந்திக்கும் நாள், மனநல ஆலோசகரின் எண் ஆகியவை அதில் இருக்கும். அந்தத் தாளை மாற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குச் சோமனூரிலிருந்து வந்த ஒரு மூதாட்டி காரணம்.

விசைத்தறிக் கூடத்தில் நாற்பது ஆண்டுகள் தார் (தறி நாடாவுக்கான நூல்) சுற்றியவர் அவர். எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று பார்க்கும் தூய ஒலிச் சோதனையில் அவருடைய சராசரி 45 டெசிபல், அதாவது மிதமான கேள்விக்குறை. அந்த வயதுக்கும் அந்த வேலைக்கும் அது வியப்பானதன்று. அடுத்ததாகச் சொல் அறிதல் சோதனை நடந்தது. காதுக்கு வசதியாகக் கேட்கும் அளவில் 25 ஓரசைச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு சொல்லுக்கு 4 விழுக்காடு. திருச்சியிலிருந்து வந்து முதலாண்டு படித்துக்கொண்டிருந்த மாணவி சோதித்தபோது அவர் பெற்றது 52 விழுக்காடு. ஒலி கேட்கும் அளவோடு ஒப்பிட்டால் சொல் அறியும் திறன் மிகவும் தாழ்ந்திருக்கிறது என்றால், கோளாறு உட்செவியைத் தாண்டிக் கேள்வி நரம்பில் இருக்கக்கூடும் என்று ஐயப்பட வேண்டும் என்பது எல்லாப் பாடநூல்களிலும் உள்ள செய்தி. மாணவி அப்படியே ஐயப்பட்டு, எம்ஆர்ஐ எடுக்கப் பரிந்துரைக்கலாமா என்று கேட்டாள். வெளிநோயாளிகள் நெருக்கித் தள்ளிய ஒரு திங்கட்கிழமை அது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு நான் கையொப்பமிட்டேன். அந்தக் குடும்பம் கடன் வாங்கி எம்ஆர்ஐ எடுத்தது. நரம்பில் ஒன்றுமில்லை.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து, ஆய்வேட்டுக்காகப் பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்த அதே மாணவி என் அறைக்கு வந்து நின்றாள். அவள் கையில் அந்த மூதாட்டியின் தாள் இருந்தது. ஒரு நல்ல பழக்கம் அவளுக்கு உண்டு: சரி, தவறு என்று குறிப்பதோடு நிறுத்தாமல், நோயாளி சொன்னதை அப்படியே பக்கத்தில் எழுதிவைப்பாள். தவறு என்று குறித்திருந்த பன்னிரண்டு இடங்களில் ஒன்பதில் எழுதியிருந்தவை இவை: பல்லு, கல்லு, முள்ளு, நெல்லு, மண்ணு, பாலு, தேனு, வில்லு, கண்ணு. பட்டியல் எழுத்துத் தமிழில் "பல்" என்கிறது. வாழ்நாள் முழுவதும் அதைப் பல்லு என்றே சொல்லிவந்த ஒருவர், சரியாகக் கேட்டு, தம் வாய்க்கு இயல்பானபடி திருப்பிச் சொல்லியிருக்கிறார். அந்த ஒன்பதையும் சேர்த்தால் 25க்கு 22, அதாவது 88 விழுக்காடு.

"மேடம், கண்ணுன்னு சொன்னப்போ என்னைத்தான் கூப்பிடறாங்கன்னு நெனச்சேன்" என்றாள் அவள். அவளைக் குறை சொல்ல முடியவில்லை. கொங்குப் பகுதியில் வயதில் இளையவர் யாராக இருந்தாலும் கண்ணுதான். "கண்" என்று கேட்டதும் அந்த அம்மா சொல்லைத் திருப்பிச் சொன்னாரா, "என்ன கண்ணு?" என்று கேட்கத் தொடங்கினாரா என்பது அவருக்கே நினைவிருக்காது. ஆனால் நான் பொள்ளாச்சிக்காரி. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாணவர்களுக்கு வளங்கள் வேண்டும் என்றால் ஆய்விதழ்ச் சந்தாவைத்தான் முதலில் நினைக்கிறோம். அதன் அருமையை நான் மறுக்கவில்லை. நான் படித்த காலத்தில் பழைய ஆய்வேடு ஒன்றைப் பார்க்க வேண்டுமானால், சத்தியமங்கலம் வழியாகத் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் குமட்டலோடு கடந்து, 1965இல் தொடங்கப்பட்ட மைசூர் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்துக்குப் போய், நகலெடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். இன்று அந்த நிறுவனத்து முதுகலை ஆய்வேடுகள் இணையத்தில் கிடைக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியம் இருக்கிறது. குரலலையை அளக்கப் பிராட் என்னும் மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது. ஆய்விதழ்களுக்கு ஒன்றிய அரசே சந்தா கட்டும், 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டம் முதல் கட்டத்தில் அரசு நிறுவனங்களுக்கு மட்டும் என்பதால், எங்களைப் போன்ற தனியார் கல்லூரி மாணவர்கள் இன்னும் அரசு நிறுவனங்களில் படிக்கும் நண்பர்களிடம் கட்டுரை கேட்டுச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அது எனக்கு ஆற்றாமைதான். ஆனால் சோமனூர் மூதாட்டி விஷயத்தில் எத்தனை சந்தா கட்டியிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

எனவே ஒரு குறிப்பேடு தொடங்கினோம். சிகிச்சை அறையில் மாணவர்கள் கேட்கும் வட்டாரச் சொற்களையும், அவை எந்தச் சோதனையில் இடறின என்பதையும் அதில் எழுத வேண்டும். முதல் பக்கத்தில் இருப்பது "வட்டல்". காங்கேயத்திலிருந்து வந்த நான்கு வயதுப் பையனிடம் தட்டின் படத்தைக் காட்டியபோது அவன் வட்டல் என்றான். "பெயரிடவில்லை" என்று மாணவர் குறித்துக்கொண்டார். பாத்திரத்தைப் போசி என்றான். அதற்கும் அதே குறிப்பு. பையனின் பாட்டி பொறுக்க முடியாமல், "சரியாத்தானுங்க சொல்றான், நீங்க எதுக்கு அடிக்கிறீங்க?" என்று கேட்டார். மாணவர் தாளில் சொற்களை அடித்ததைத்தான் அவர் சொன்னார். பொடக்காணி (கொல்லைப்புறம்), சந்தகை (இடியாப்பம்), ஒறம்பரை (உறவினர்) என்று அந்த ஏடு இப்போது நாற்பது பக்கங்களைத் தாண்டிவிட்டது. பழத்தைப் பளம் என்று சொல்லும் பிள்ளையைத் திருத்துவதற்கு முன், வீட்டில் பெரியவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும் என்பதும் அதில் ஒரு குறிப்பு. அதை எழுதியவர் இரண்டாம் ஆண்டு மாணவர், நானல்ல.

நோயாளியின் வரலாறு கேட்கும் படிவத்திலும் ஒரு வரி சேர்ந்தது: "தறிக்குள் கடைசியாக எப்போது இருந்தீர்கள்?" பேரிரைச்சலிலிருந்து வெளியே வந்தவரின் காது சில மணி நேரத்துக்குத் தற்காலிகமாக மந்தமாக இருக்கும் என்பதால், நிரந்தரக் குறைபாட்டை அளக்கக் குறைந்தது 14 மணி நேர ஓய்வுக்குப் பிறகு சோதிக்க வேண்டும் என்பது மாணவர்களுக்கு மனப்பாடம். ஆனால் பல்லடத்துக்காரர் இரவு ஷிப்டு முடித்துக் குளித்துவிட்டு நேராகக் காலை எட்டரை மணி டோக்கனுக்கு வருவார், ஏனென்றால் அவருக்குக் கூலி போகாத நேரம் அதுதான். இரைச்சல் பாதிப்பின் அடையாளமாக 4000 ஹெர்ட்ஸில் பள்ளம் விழுந்த ஆடியோகிராமை (கேட்புத்திறன் வரைபடத்தை) பார்த்து மாணவர் நிரந்தரக் குறைபாடு என்று முடிவுகட்டுவார். பள்ளத்தில் எவ்வளவு நேற்றைய ஷிப்டைச் சேர்ந்தது என்று தெரியாது. விடுமுறை முடிந்து வரும் நாளின் காலையில் தறிக்காரர்களுக்கு டோக்கன் ஒதுக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டு வாங்கினோம். மாணவர்களின் பயிற்சி அட்டவணையும் அதற்கேற்ப மாறியது.

மனநல ஆலோசகரின் எண்ணை யாரும் அழைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாணவர்களை அதிகம் வருத்துவது தேர்வு என்றே நான் முன்பு நினைத்திருந்தேன். எட்டு மாதக் குழந்தைக்கு, ஒலிக்குக் கேள்வி நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின் எதிர்வினையை அளக்கும் பெரா சோதனை செய்து, இரு காதும் கேட்கவில்லை என்று தாயிடம் முதல்முறையாகச் சொல்லிவிட்டு வந்த மாணவி ஒருத்தி இரண்டு நாள் விடுதியை விட்டு வெளியே வரவில்லை. ஆறு வயதுக்குள் காக்ளியர் இம்ப்ளாண்ட் (உட்செவியில் வைக்கும் கேட்புக் கருவி) பொருத்த முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உண்டு, அதன்பின் பயிற்சி உண்டு என்றெல்லாம் அவள் சரியாகத்தான் சொல்லியிருந்தாள். "அந்தம்மா எதுவுமே கேக்கல மேடம், கொழந்தைக்குக் குல்லாய் மட்டும் போட்டுட்டே இருந்தாங்க" என்றாள். அதன்பிறகு முதல் மூன்று முறை எந்த மாணவரும் தனியாக இந்தச் செய்தியைச் சொல்வதில்லை. நாங்கள் ஒருவர் பக்கத்தில் உட்காருவோம். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குத் தேநீரோடு ஒரு மணி நேரம் ஒதுக்கினோம். வருகைப் பதிவு கிடையாது. வருகைப் பதிவு வைத்திருந்தால் வந்திருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

ஓரசைச் சொற்பட்டியலைத் திருச்சி மாணவியே தன் ஆய்வேட்டின் ஒரு பகுதியாக மாற்றியமைத்தாள். பேச்சில் இயல்பாக வரும் ஈரசைச் சொற்களைத் தேர்ந்து, தறிக்காரர்கள், விவசாயிகள், இல்லத்தரசிகள் எனப் பலரிடமும் அவை பழகிய சொற்களா என்று கேட்டுச் சோதித்து, ஒலிப்பதிவும் செய்தாள். கண்ணு என்ற சொல்லைப் பட்டியலில் சேர்க்கவில்லை. பதிவில் இருப்பது அவளுடைய குரல்தான். சென்ற மாதம் அதைக் கேட்ட கோபிக்காரப் பெரியவர் ஒருவர் 24 சொற்களைச் சரியாகச் சொல்லிவிட்டு, ஹெட்போனைக் கழற்றியபடி, "இந்தப் புள்ள எந்த ஊருங்க, நம்ம பக்கம் இல்லீங்களே?" என்று கேட்டார். இந்த ஆண்டு அந்தியூரிலிருந்து ஒரு மாணவி சேர்ந்திருக்கிறாள். பதிவறையை வரும் புதன்கிழமைக்கு எழுதி வைத்திருக்கிறேன்.