200 மைக்ரான்

உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆரம்ப நிலைதான் என்றதும் வீட்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நெறிக்குப் பரவியிருக்கா டாக்டர்?" ஸ்கேனை மட்டும் நம்பி இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. நெறி என்கிற நிணநீர் முடிச்சு வீங்காமலே உள்ளே சில புற்றுசெல்கள் இருக்கலாம். சிடி, பெட் இரண்டுக்குமே அவை தப்பிவிடும்.

அதனால் எண்டோஸ்கோப்பி வழியாக ஒரே துண்டாக உரித்தெடுத்த திசுதான் எங்களுக்குச் சாட்சி. ஜப்பானியர்கள் செம்மைப்படுத்திய முறை இது. அட்டையில் ஊசி குத்தி விரித்து, இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு வெட்டாக நறுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். ஸ்குவாமஸ் வகைப் புற்று, அதாவது தட்டைச் செல்களில் தொடங்குவது, உள்பக்கத்துச் சளிச்சவ்வின் மேலடுக்குகளோடு நின்றிருந்தால் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. சளிச்சவ்வைத் தாண்டி 200 மைக்ரானுக்கு (0.2 மில்லிமீட்டர்) மேல் இறங்கியிருந்தால் கணக்கே மாறிவிடும். பெருங்குடலில் போல இல்லாமல், இங்கே சளிச்சவ்விலேயே நிணநீர்க் குழாய்கள் ஓடுகின்றன.

என்னைக் கேட்டால், ஆழத்தைவிடப் பயமுறுத்துவது வேறொன்று. டி2-40 சாயமிட்டால் நிணநீர்க் குழாயின் மெல்லிய சுவர் பழுப்புக் கோடாகத் தெரியும். அதற்குள் ஒரு கொத்துப் புற்றுசெல்கள் இருந்துவிட்டால், ஆழம் குறைவென்று விட்டுவிடக் கூடாது. அறுவை சிகிச்சையா, கீமோவும் ரேடியேஷனுமா என்று உட்கார்ந்து பேசியே ஆகவேண்டும்.

கட்டியை எடுத்த பிறகு வரும் ரிப்போர்ட்டில் ஆழத்தோடு "எல்விஐ" (நிணநீர், ரத்தக் குழாய்களுக்குள் புற்று நுழைந்திருக்கிறதா) என்ற வரியையும் தயவுசெய்து கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.