இனிஷியலால் போன மூன்று நாள்

என் மாமா மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறார். அவருக்காகத் தாளம் போடும் ஒரு சின்ன ஆப் எழுதி அவருடைய ஐபோனில் ஏற்றிக் கொடுத்திருந்தேன். ஆப்பிளுக்குப் பணம் கட்டாத கணக்கில் ஏற்றினால் ஏழு நாளுக்குமேல் ஆப் திறக்காது என்பதால் ஞாயிறுதோறும் மேக்கைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், கேபிள் போட்டு மறுபடி ஏற்றுவேன். ஒரு வாரம் போக முடியவில்லை. "பாடம் நடக்கும்போதே திறக்கலையே மாப்ளே" என்று போன் வந்தது. அன்றைக்கே ஆப் எழுதுகிறவர்களுக்கான ஆப்பிளின் கட்டணத் திட்டமான ஆப்பிள் டெவலப்பர் புரோகிராமுக்கு விண்ணப்பித்தேன், ஆண்டுக்கு 99 டாலர்.

சிக்கல் பெயரில் வந்தது. நம்மில் பலரும் செய்வதுபோல, கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் இனிஷியலை ஒற்றை எழுத்தாகப் போட்டிருந்தேன். பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பாவின் முழுப்பெயர் இருக்கிறது. அடையாளச் சான்று கேட்டு மின்னஞ்சல் வந்தது, பெயரைத் திருத்தி ஸ்கேன் அனுப்பி முடிக்க மூன்று நாள். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்து நிரப்புங்கள், தனிநபராகச் சேர்ந்தால் ஸ்டோரில் விற்பவர் என்று வருவதும் அந்தப் பெயர்தான். அப்புறம் கார்டு, அதில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே திறந்து வையுங்கள்.

எனக்குப் பெரிய பலன் டெஸ்ட்ஃப்ளைட், ஸ்டோரில் வெளியிடும் முன் மற்றவர்களிடம் ஆப்பைக் கொடுத்துச் சோதிக்க ஆப்பிள் தரும் வசதி. ஒரு பதிப்பு 90 நாள் ஓடும், வெளியாட்கள் 10,000 பேர் வரை சோதிக்கலாம். முதல் பதிப்பை மட்டும் ஆப்பிள் பார்த்து அனுமதிக்க வேண்டும், அது கிடைத்ததும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போட்டேன். மறுநாளே ஒரு மாணவி ஆப்புக்குள்ளிருந்தே திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள்: ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு மூன்றும் நான்குமாக ஒளிர வேண்டியது நான்கும் மூன்றுமாக ஒளிர்கிறது, மாமா பார்த்தால் திட்டுவார் என்று ஒரு வரியும் சேர்த்து. போன் மாடல், ஐஓஎஸ் பதிப்பு எல்லாம் கூடவே வந்துவிட்டன, அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டேன். நான் தனியாக உட்கார்ந்து எத்தனை மாதம் பார்த்தாலும் இது கண்ணில் பட்டிருக்காது.

ஆப்பை விற்கப் போகிறவர்கள் ஆப்பிளின் சிறு வணிகத் திட்டத்துக்கும் விண்ணப்பியுங்கள், தானாக வராது. ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குள் இருந்தால் ஆப்பிள் எடுக்கும் கமிஷன் 30 சதவீதத்திலிருந்து 15 ஆகிறது. இப்போதுதான் கற்றுக்கொள்கிறீர்கள் என்றால் பணம் கட்ட அவசரமே இல்லை, ஆப் எழுத உதவும் எக்ஸ்கோடு மென்பொருளும் ஆவணங்களும் ஆப்பிள் மாநாட்டு வீடியோக்களும் இலவசம்தான்.

ஆண்டுச் சந்தா தீர்ந்தால் நம் ஆப், ஸ்டோரிலிருந்து இறங்கிவிடும். புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டேன்.