இரவுப் பணியில் எத்தனை பேர்?

பக்கவாதத்தில் இடப்பக்கம் செயலிழந்த அம்மாவைக் கோவையில் ஒரு கட்டண முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தோம். அறை சுத்தமாக இருந்தது, சாப்பாடும் நேரத்துக்கு வந்தது. சில மாதங்கள் கழித்து, உடம்பு துடைத்துவிடும்போது வால் எலும்புக்கு மேலே தோல் சிவந்திருப்பதைப் பார்த்தேன். விரலால் அழுத்தினேன்; சிவப்பு வெளுக்கவில்லை. படுக்கைப்புண்ணின் முதல் நிலை அது.

"படுத்த படுக்கையாக இருந்தால் வரத்தான் செய்யும், சார்" என்றார் மேலாளர். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்க மாட்டேன். தானாகப் புரள முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தால், ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால், பெரும்பாலும் புண் வராது. பகலில் மாற்றினார்கள். இரவில்? அந்தத் தளம் முழுவதற்கும் ஒரே ஒரு ஆயாதான். "அம்மாவைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும், நான் ஒருத்தி என்ன செய்வேன்?" என்று கேட்டார். அவர்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. ஆள் போடாமல் கட்டணம் வாங்கிய நிர்வாகத்தின் மேல்தான் கோபம்.

தேதியிட்ட படங்களுடன் எழுத்தில் மூன்று கோரிக்கைகள் கொடுத்தேன்: காற்றுப் படுக்கை, கட்டிலருகே பக்கம் மாற்றிய நேரங்களைக் குறிக்கும் அட்டவணை, இரவுக்கு இன்னொரு ஆள். படுக்கையை மட்டும் போட்டார்கள். புண் தோலுரிந்து ஆழமாகத் தொடங்கியது.

முதியோர் உதவி எண் 14567-ஐ அழைத்தேன். கட்டணமில்லா எண் அது. பொறுமையாகக் கேட்டு, மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் மனுக் கொடுக்கச் சொன்னார்கள். இங்கே பலரும் குழம்புவார்கள்: 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின்படி கோட்டாட்சியர் தலைமையில் இருக்கும் தீர்ப்பாயம், பிள்ளைகளிடமும் வாரிசுகளிடமும் பராமரிப்புத் தொகை கேட்பதற்கானது. இல்லத்தின் கவனிப்பு பற்றிய புகாரைச் சமூக நல அலுவலகத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

அலுவலர் வந்து பார்த்துவிட்டுப் போனபின் இரவுக்கு இரண்டாவது ஆயா வந்தார். அட்டவணையும் தொங்கியது. செவிலியர் தினமும் கட்டு மாற்றினார். புண் மெல்ல ஆறியது. அடுத்த அறைப் பாட்டிக்கும் இப்போது பக்கம் மாற்றுகிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய நிறைவு.

இல்லம் தேடுபவர்கள் பகலில் பார்ப்பதோடு நிறுத்தாமல் இரவு ஒன்பது மணிக்கு மேலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். உள்ளே விட மறுத்தால் அங்கே சேர்க்க வேண்டாம். அம்மாவுக்கு இயன்முறைப் பயிற்சி இன்னும் ஒழுங்காக நடக்கவில்லை. அடுத்த மனு அதற்குத்தான்.