ஆர்வி-7: கன்ட்ரோல் இணைப்புகளில் போல்ட் இறுக்கிய அனுபவம்

கராஜில் நானே கட்டிக்கொண்டிருக்கும் ஆர்வி-7 சிறு விமானத்தில், விமானி பிடிக்கும் ஸ்டிக்கிலிருந்து ஐலரானுக்கும் (இறக்கையில் அசையும் பலகை) எலிவேட்டருக்கும் (வாலில் அசையும் பலகை) போகும் புஷ்ராடுகளை, அதாவது தள்ளுதண்டுகளை, மாட்டும் கட்டம் வந்தது. போல்ட்கள் பெரும்பாலும் ஏஎன்3, அதாவது 3/16 அங்குலம். அட்டவணையில் இதற்கு டார்க், அதாவது இறுக்கும் முறுக்கு விசை, 20 முதல் 25 இன்ச்-பவுண்ட் என்று இருக்கிறது. அதை எல்லா இடத்திலும் அப்படியே வைத்துவிட முடியாது. எது எதன் மேல் சுழல்கிறது என்று ஒவ்வொரு இணைப்பிலும் முதலில் பார்க்க வேண்டும்.

புஷ்ராட் முனையில் கூட்டுக்குள் உருண்டை வைத்த ராட் எண்ட் பேரிங் உள்ள இடத்தில் போல்ட் சுழலக் கூடாது. நடுவிலுள்ள உருண்டையை அது கவ்விப் பிடிக்கிறது. அசைவெல்லாம் உருண்டைக்கும் கூட்டுக்கும் இடையில்தான். அங்கே முழு டார்க் கொடுத்தே ஆக வேண்டும். தளர்வாக விட்டால் போல்ட் ஆடி ஆடித் துளையைத் தேய்த்துவிடும்.

பேரிங் இல்லாமல் போல்ட்டின் மேலேயே பாகம் சுழலும் இடத்தில் நேர்மாறு. கேசில் நட்டை (மேலே வெட்டுகள் உள்ள நட்) கையால் இறுக்கி, அசைவு தடைபடாத அளவில் நிறுத்தி, அது கழலாமல் அந்த வெட்டு வழியாகக் காட்டர் பின் போட வேண்டும். உள்ளே நைலான் வளையம் வைத்துத் தானே பிடித்துக்கொள்ளும் நைலாக் நட் அங்கே கூடவே கூடாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவின் ஏசி 43.13-1பி வழிகாட்டி இதைத் தெளிவாகச் சொல்கிறது.

எனக்கு அதிக நேரம் பிடித்தது ஐலரான் பெல்கிராங்க், அதாவது புஷ்ராடின் அசைவைத் திசை திருப்பும் நெம்புகோல். அதன் ஸ்டீல் குழாய்க்குள் ஒரு பித்தளை புஷ் (உள்குழல்) இருக்கிறது. போல்ட் புஷ்ஷைக் கவ்வும், பெல்கிராங்க் புஷ்ஷின் மேல் சுழலும். அதனால் புஷ் குழாயைவிட ஒரு மயிரிழை நீளமாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் டார்க் கொடுத்ததும் பெல்கிராங்க்கே இறுகிவிடும். குழாயின் முனையை அரத்தால் லேசாகத் தேய்ப்பது, மாட்டுவது, இறுக்குவது, ஆட்டிப் பார்ப்பது, மறுபடி கழற்றுவது என்று போனது. டார்க் ரெஞ்ச் கிளிக் ஆன பிறகும் பெல்கிராங்க் தன் எடையிலேயே தொங்கி விழுந்ததைப் பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம், நைலாக் நட் போடும்போது அதன் உராய்வையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நட் வாஷரைத் தொடுவதற்கு முன் திருக எவ்வளவு ஆகிறது என்று அளந்து, அதை அட்டவணை எண்ணோடு கூட்டிக்கொள்வேன். இதை விட்டால் கொடுத்த டார்க்கில் ஒரு பகுதி நைலானோடு உரசுவதிலேயே போய்விடும்.

ராட் எண்டுக்கு இருபுறமும் வாஷர் நுழைப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. மெல்லிய தகட்டு முனையில் மாஸ்கிங் டேப்பால் வாஷரை ஒட்டி உள்ளே தள்ளினேன், சுலபமாக முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள இடங்களில் வெளிப்பக்கம் அகல வாஷர் போட்டிருக்கிறேன். பேரிங் உடைந்து உருண்டை கழன்றாலும் புஷ்ராட் போல்ட்டை விட்டு வெளியே வராது.

கடைசி டார்க் கொடுத்த நட்டுக்கு மட்டுமே ஆரஞ்சு பெயின்ட் கோடு. ராட் எண்டைத் திரும்பாமல் பூட்டும் ஜாம் நட்டுக்கும் அதே விதி. வீட்டில் விமானம் கட்டுவோருக்கு உதவும் ஈஏஏ சங்கத்தின் டெக்னிக்கல் கவுன்சிலர் வந்து, ஸ்டிக்கை நாலா பக்கமும் கடைசி வரை தள்ளச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு இணைப்பாக டார்ச் அடித்துப் பார்த்தார். சரி என்று அவர் சொன்ன பிறகுதான் இன்ஸ்பெக்‌ஷன் மூடிகளை மாட்டினேன்.