லூப்பர் பெடல்: இரண்டாவது மிதி எங்கே விழ வேண்டும்?

கிட்டாரில் நான்கு பார் (ஒவ்வொன்றும் நான்கு பீட்) நீளத்துக்கு கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரங்களை, வாசித்து லூப்பரில் பதிவு செய்கிறீர்கள். காலால் இயக்கும் இந்தப் பெடல் முதல் மிதியில் பதிவைத் தொடங்கும், இரண்டாவதில் மூடி, பதிவானதைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும். வாசிப்பு சுத்தமாக இருக்கிறது, ஆனால் சுற்று முடிந்து முதலுக்குத் திரும்பும் இடத்தில் மட்டும் தாளம் தடுக்குகிறது. கை மேல் பழி போட வேண்டாம். லூப்பின் நீளத்தைத் தீர்மானிப்பது கால்தான், அதிலும் பதிவை மூடும் இரண்டாவது மிதிதான் பெரும்பாலும் தவறுகிறது.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். 80 பிபிஎம் (நிமிடத்துக்கு 80 பீட்) வேகத்தில் ஒரு பீட் 750 மில்லி விநாடி. 4/4-இல் ஒரு பார் 3 விநாடி, நான்கு பார் 12 விநாடி. மூடும்போது 40 மில்லி விநாடி பிந்தினால் லூப் 12.04 விநாடி ஆகிவிடும். எழுதிப் பார்த்தால் அற்பமான தொகைதான். ஆனால் அந்த 40 முழுவதும் ஒரே இடத்தில் விழுகிறது: இணைப்பில் மட்டும் பீட் 790 ஆகிறது, காது அதை உடனே பிடித்துவிடும். கூடவே ஒரு டிரம்மர் சீராக வாசித்துக்கொண்டிருந்தால் பத்துச் சுற்றில் 400 மில்லி விநாடி, அதாவது அரை பீட்டுக்கும் மேல், விலகிப்போவீர்கள்.

புதிதாகப் பழகுகிறவர்கள் நான்காவது பாரின் கடைசி ஸ்ட்ரம் (கம்பிகளை வருடும் அடி) முடிந்ததும் மிதிக்கிறார்கள். அந்த இடத்தில் இன்னும் நேரம் பாக்கி இருக்கிறது. மிதிக்க வேண்டியது ஐந்தாவது பாரின் ‘ஒன்று’, அதாவது முதல் பீட், மீது. தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஆவர்த்தனம் முடிவதும் அடுத்தது தொடங்குவதும் அதே சமத்தில்தான். கையை மட்டும் நிறுத்திவிடக் கூடாது. பாட்டு தொடர்வது போலவே ஐந்தாவது பாரின் முதல் கார்டை வாசித்துக்கொண்டே மிதியுங்கள். கை நின்றால் கால் தனியாக நேரத்தை ஊகிக்க வேண்டியிருக்கும், அப்போதுதான் பிந்துகிறது.

கால் கொஞ்சம் தாமதமாக இறங்குவது எல்லோருக்கும் நடப்பதுதான், அதனால் பெரிய கேடு இல்லை. தொடங்கும்போது 30 மில்லி விநாடி, மூடும்போதும் அதே 30 என்றால் நீளம் துல்லியமாக 12 விநாடிதான். ஆகவே இரண்டு மிதியும் ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம். மௌனத்திலிருந்து தொடங்கினால் முதல் மிதி பதற்றத்தில் முந்தும், இரண்டாவது பிந்தும். பதிவுக்கு முன் குறைந்தது ஒரு முழு பார் வாசித்து, வாசிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் மிதியையும் போடுங்கள்.

ஒலி வந்ததும் தானே பதிவைத் தொடங்கும் ஆட்டோ ரெக்கார்ட் வசதி இந்தச் சமநிலையைக் கெடுத்துவிடும். தொடக்கத்தில் பிழையே இருக்காது, மூடும்போது மட்டும் உங்கள் காலின் தாமதம் அப்படியே நிற்கும். பழகும் காலத்தில் அதை அணைத்து வைப்பதே நல்லது. மிதியை அருகிலுள்ள பீட்டுக்குத் தானே நகர்த்திவிடும் குவான்டைஸ் வசதியும் அப்படித்தான். மேடையில் பயன்படுத்துங்கள், பயிற்சியில் வேண்டாம், உங்கள் பிழையை உங்களிடமிருந்தே அது மறைத்துவிடும்.

கால் பிந்துவதால் முதல் கார்டின் தாக்கு ஒலி வெட்டுப்படுகிறதா? பதிவை ‘ஒன்றில்’ தொடங்கியே ஆக வேண்டும் என்று விதி இல்லை. சமம் தள்ளி எடுப்பு (பாடலின் தொடக்கம்) வைத்த கீர்த்தனைகள் எத்தனை இருக்கின்றன! முந்தைய பாரின் நான்காவது பீட்டில், கம்பிகளை அடக்கி ‘சக்’ என்று அடிக்கும் இடத்தில் தொடங்குங்கள், 16 பீட் கழித்து அதே நான்கில் மூடுங்கள். இணைப்பு அந்தச் சக்குக்குள் ஒளிந்துகொள்ளும், ‘ஒன்றின்’ கார்டு முழுசாகக் கேட்கும். ஒரு எச்சரிக்கை: லூப்பை நிறுத்தி மறுபடி ஓடவிடும்போது அது நான்கிலிருந்துதான் ஒலிக்கும், அதனால் நான்காவது பீட்டில்தான் மிதிக்க வேண்டும்.

சுவிட்ச் மிதித்ததும் வேலை செய்கிறதா, காலை எடுத்ததும் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். மிதித்துப் பிடித்துக்கொண்டு விளக்கைக் கவனித்தால் தெரிந்துவிடும். எடுக்கும்போது வேலை செய்யும் சுவிட்ச் என்றால் முன்கூட்டியே மிதித்துவைத்து ‘ஒன்றில்’ விடுவிக்க வேண்டும். எப்படியானாலும் குதிகால் தரையில் ஊன்றியிருக்கட்டும், முன்பாதம் சுவிட்சுக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் காத்திருக்கட்டும், உடல் எடை மற்றக் காலில் இருக்கட்டும். முழுக் காலையும் தூக்கி மிதித்தால் ஒவ்வொரு முறையும் தூரம் மாறும், தூரம் மாறினால் தாமதமும் மாறும். தாளம் தட்டுவதை மற்றக் காலுக்கு விட்டுவிடுங்கள்.

பயிற்சிக்கு கார்டுகளே வேண்டாம். சீராகத் தட்டிக்கொண்டிருக்கும் மெட்ரோனோமை 80-இல் வைத்து, கம்பிகளை அடக்கி பீட்டுக்கு ஒரு சக். ஒரே ஒரு பார் லூப் செய்யுங்கள். குறுகிய லூப்பில் இணைப்பு 3 விநாடிக்கு ஒருமுறை வந்து முகத்தில் அறையும், பயிற்சிக்கு அதுதான் வேண்டும். மனதுக்குள் ‘தகதிமி’ என்று நாலாகப் பிரித்து எண்ணுங்கள். கடைசி ‘மி’யில் பாதம் இறங்கத் தொடங்கினால் ‘ஒன்றில்’ போய்ச் சேரும். மூடியபின் மெட்ரோனோமை நிறுத்தாமல் எட்டுச் சுற்று கேளுங்கள். லூப் பின்தங்கினால் தாமதமாக மூடியிருக்கிறீர்கள், முந்தி ஓடினால் அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் லூப் ஓடுவதை மொபைலில் பதிவு செய்து ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, ஒரே சக் ஒலி மறுபடி வரும் வரையுள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 3.000 விநாடி இருக்க வேண்டும். 15 மில்லி விநாடிக்குள் நிலையாக வந்தால் இரண்டு பார், நான்கு பார் என்று போகலாம்.

நிலையாக வந்தபிறகும் கடைசிக் கார்டின் ரீங்காரம் இணைப்பில் பட்டென்று அறுந்தால் அது நேரப் பிழை இல்லை. மூடியதும் நேராக ஓவர்டப்புக்கு (ஓடும் லூப்பின் மேலேயே இன்னொரு அடுக்கைப் பதிவு செய்வது) போகும்படி பெடலை அமைக்க முடிந்தால் அமைத்து, புதிதாக எதையும் வாசிக்காமல், அந்த ரீங்காரத்தை லூப்பின் தொடக்கத்தின் மேல் விழவிட்டு, பிறகு ஓவர்டப்பை அணையுங்கள்.

டிசி எலக்ட்ரானிக் டிட்டோ, பாஸ் ஆர்சி-1 போன்ற ஒற்றைச் சுவிட்ச் பெடல்களில் நிறுத்த இரண்டு முறை மிதிக்க வேண்டும். இரண்டாவது மிதியை ‘ஒன்றில்’ வையுங்கள், முதலாவது அதற்குச் சற்று முன்பு விழட்டும். அந்த இடைவெளியில் பெடல் ஓவர்டப்புக்குள் நுழையக்கூடும் என்பதால் கம்பிகளை உள்ளங்கையால் அடக்கிவிடுங்கள்.